மூன்றாண்டு வியூகத்தை அன்றாட வேலையாக்குவது எப்படி: மென்பொருள் நிறுவனத்துக்கான முழுமையான வழிகாட்டி

பெரும்பாலான மென்பொருள் நிறுவனங்களில் வியூகத்துக்குப் பஞ்சமில்லை. ஆவணம் இருக்கும், இயக்குநர் குழுவின் ஒப்புதல் இருக்கும், எல்லோரையும் கூட்டி வைத்துக் காட்டிய ஸ்லைடுகளும் இருக்கும். திங்கட்கிழமை காலை எந்தக் குழு எந்த டிக்கெட்டை (பதிவு செய்த வேலைக் கோரிக்கையை) எடுக்கிறது என்பது மட்டும் மாறியிருக்காது. அதை மாற்றுவதற்கான வேலை வரிசை கீழே.

இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இலக்கு எழுதுவதில் தொடங்குகிறார்கள். குழுவுக்கு ஒரு ஓகேஆர் (இலக்கும் அதை அளக்கும் எண்களும்), ஒரு டாஷ்போர்டு, பச்சை மஞ்சள் சிவப்பு. இந்த வரிசையில் அது ஏழாவது வேலை. யாருடைய நேரம் விடுவிக்கப்படும், அதற்காக எது நிற்கும் என்ற இரண்டும் முடிவாகாமல் எழுதிய இலக்கு, முதல் அவசரப் புகார் வந்ததுமே ஓரங்கட்டப்படும்.

கணக்குகளைக் காட்ட ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். 120 பொறியாளர்கள், 14 குழுக்கள், 340 வாடிக்கையாளர்கள். இவர்களில் 130 பேர் பொதுவான கிளவுட் பதிப்பில் இருக்கிறார்கள். மீதி 210 பேருக்கும் தனித்தனி நிறுவல் (அவரவருக்கென்று தனியாக ஓடும் பிரதி), அதிலும் ஐந்து வெவ்வேறு பழைய பதிப்புகள். மூன்றாண்டில் எல்லோரையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்பது வியூகம். உங்களுடைய வியூகம் வேறாக இருந்தாலும் வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த இரண்டு காலாண்டுகளின் டிக்கெட் விவரம், வேலை வகை வாரியாக. மேலாளர்களின் மதிப்பீட்டை நம்பி இதைச் செய்யாதீர்கள். ஏதாவது 100 டிக்கெட்டைக் குலுக்கலில் எடுத்து, இரண்டு பேர் உட்கார்ந்து படித்து, வகையைத் திரும்பக் குறியுங்கள். "புதிய வசதி" என்று குறித்தவற்றில் பல, ஒரே ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்த ஒட்டுவேலையாக இருக்கும். சாட்டில் கேட்டு, சாட்டிலேயே முடிந்த அவசரத் திருத்தங்கள் டிக்கெட்டாகவே ஆகியிருக்காது. அவற்றை ஆன்கால் (அவசர அழைப்புக்கு முறைவைத்துக் காத்திருக்கும் வேலை) பதிவிலிருந்தும் டிப்ளாய்மென்ட் (நிரல் வெளியீட்டு) பதிவிலிருந்தும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் பட்டியல்: யார் எந்தப் பதிப்பில் இருக்கிறார், ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, அவருக்கென்று தனியாக எழுதிய நிரல் எவ்வளவு, ஆண்டு வருமானம் எவ்வளவு. இந்த நான்கும் பெரும்பாலும் நான்கு பேரிடம் நான்கு எக்செல் கோப்புகளாகக் கிடக்கும். ஒன்றாக்கவே இரண்டு வாரம் பிடிக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இயக்கச் செலவு: சர்வர் வாடகை, லைசென்ஸ், டேட்டா சென்டர் குத்தகை முடியும் தேதிகள்.

கடைசியாக, விற்பனைத் தலைவரிடமே "முடியாது" என்று சொல்லும் அதிகாரமும் துணிவும் உள்ள ஒரு மேலதிகாரி. இவர் இல்லாவிட்டால் தொடங்காதீர்கள். மற்ற எல்லாக் குறைகளையும் போகப்போகச் சரிசெய்யலாம், இதை முடியாது.

1. வியூகத்தை ஒரே பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்

நாற்பது ஸ்லைடை யாரும் மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. ஒரு பக்கத்தில் ஐந்து விஷயம் போதும்: இப்போது என்ன சிக்கல், அதற்கு நாம் எடுத்த முடிவு, அதனால் எதைச் செய்யப்போவதில்லை, மூன்றாண்டு முடிவில் என்ன உண்மையாக இருக்கும், எந்த அனுமானங்களின் மேல் இது நிற்கிறது.

"கிளவுடில் முன்னணி நிறுவனமாவோம்" என்ற வாக்கியத்தை வைத்து ஒரு டிக்கெட்டைக்கூட மறுக்க முடியாது. "2029 மார்ச் 31-க்குப் பிறகு எந்த வாடிக்கையாளரும் தனி நிறுவலில் இருக்க மாட்டார், ஒரு பிழைத்திருத்தம் எல்லோருக்கும் ஒரே நாளில் போகும்" என்பதை வைத்து மறுக்கலாம்.

எழுதிய ஒவ்வொரு வரியையும் தலைகீழாக்கிப் பாருங்கள். நேர்மாறானதைப் புத்தியுள்ள ஒரு போட்டி நிறுவனம் சொல்லக்கூடுமா? "தரமான மென்பொருள் தருவோம்" என்பதற்கு நேர்மாறாக யாரும் சொல்ல மாட்டார்கள், ஆகவே அது தேர்வே இல்லை, அடித்துவிடுங்கள். "பெரிய வாடிக்கையாளருக்கும் தனி நிறுவல் தர மாட்டோம்" என்பதற்கு நேர்மாறாகச் செய்து நன்றாகச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அதனால் அது தேர்வு.

பிறகு அந்தப் பக்கத்தை வெவ்வேறு குழுக்களிலிருந்து ஐந்து பொறியாளர்களிடம் கொடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: "இதைப் படித்த பிறகு இப்போது உங்கள் கையில் இருக்கும் எந்த வேலையை விடுவீர்கள்?" மூன்று பேராவது குறிப்பான பதில் சொல்லும்வரை பக்கம் தயாராகவில்லை.

2. ஆள்-வாரக் கணக்கு போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஆள்-வாரம் என்றால் ஒருவர் ஒரு வாரத்தில் செய்யும் வேலை. ஒரு காலாண்டுக்கு 13 வாரம். 120 பேருக்கு 1,560 ஆள்-வாரம். விடுப்பும் பண்டிகை நாட்களும் போக ஒருவருக்கு 11.5 வாரம் மிஞ்சும் என்று வைத்தால் 1,380. இதுதான் உண்மையான கைமுதல். இதிலிருந்து கழிக்க வேண்டியவை:

ஆதரவு, பிழைத்திருத்தம், ஆன்கால்: 35%, அதாவது 483 ஆள்-வாரம் (42 பேர்).
ஏற்கெனவே கையெழுத்தான வாடிக்கையாளர் வாக்குறுதிகள்: 25%, 345 ஆள்-வாரம் (30 பேர்).
பாதுகாப்பு பேட்ச், லைப்ரரி மேம்பாடு, தணிக்கை வேலை: 10%, 138 ஆள்-வாரம் (12 பேர்).

மிஞ்சுவது 414 ஆள்-வாரம், 36 பேர். வியூகத்துக்கும் புதிய வசதிகளுக்கும் சேர்த்து இவ்வளவுதான். வியூகத்துக்கு 24 பேர் என்று முடிவானால் புதிய வசதிகளுக்கு 12 பேர். இந்த எண்ணைத் தயாரிப்பு மேலாளர்கள் பார்க்கும்போதுதான் உண்மையான விவாதமே தொடங்கும். அதுவரை எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். சதவீதங்கள் உங்கள் இடத்தில் வேறாக இருக்கும், தொடங்கும் முன் எடுத்த டிக்கெட் விவரத்திலிருந்து போடுங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று.

முதலாவது, 24 பேர் என்பதை 120 பேரின் 20% நேரமாகப் பிரிப்பது. காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். நடைமுறையில் "வாரத்தில் ஒரு நாள் வியூகம்" என்பது வெள்ளிக்கிழமையாகிவிடும், வெள்ளிக்கிழமை ரிலீஸ் சிக்கலில் போய்விடும். 24 பேர் வரும் அளவுக்குச் சில குழுக்களை முழுதாக விடுவியுங்கள்.

இரண்டாவது, இன்னும் வராதவர்களைக் கணக்கில் சேர்ப்பது. ஏப்ரலில் பணியிடம் ஒப்புதலானால் நேர்காணல் முடிய ஜூன் ஆகும். நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் செப்டம்பரில் சேருவார். நிரல்தொகுப்பு பழக மூன்று மாதம். ஆக, அவருடைய கையால் உருப்படியான வேலை வருவது அடுத்த ஜனவரியில். ஆஃபரை வாங்கிக்கொண்டு சேராமலே போகிறவர்களும் உண்டு. முதல் ஆண்டுத் திட்டத்தை இருக்கிற ஆட்களை வைத்தே போடுங்கள்.

மூன்றாவது, எல்லாக் காலாண்டையும் ஒரே அளவாக எண்ணுவது. அக்டோபர்-டிசம்பரில் தீபாவளி விடுப்பு இருக்கிறது, சென்னை என்றால் மழையும் இருக்கிறது. அமெரிக்க வாடிக்கையாளர்கள் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி தொடக்கம்வரை எந்த மாற்றத்தையும் தொட விடமாட்டார்கள். இந்திய வாடிக்கையாளர்களின் கணக்குப் பிரிவு மார்ச் கடைசியில் அதையே சொல்லும். அந்த வாரங்களில் கருவி கட்டும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளர் மாற்றத்தை வைக்காதீர்கள்.

3. நிறுத்தும் பட்டியல் தயாரியுங்கள்

24 பேரை விடுவித்தால் அவர்கள் இப்போது செய்யும் வேலை யாரோ ஒருவர் தலையில் விழும், அல்லது நிற்கும். நிற்பவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். "முன்னுரிமை குறைப்பு" என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். முன்னுரிமை குறைந்த வேலை பேக்லாக்கில் (காத்திருக்கும் வேலைப் பட்டியலில்) உயிரோடு இருக்கும், இரண்டு மாதம் கழித்து யாராவது எழுப்பிவிடுவார்கள்.

ஒவ்வொரு வரியிலும் நான்கு விவரம் வேண்டும்: எந்த வேலை நிற்கிறது, எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு அது வலிக்கும், அவரிடம் யார் போய்ச் சொல்வார். கடைசி விவரம் இல்லாத பட்டியல் ஒப்புக்கு எழுதிய பட்டியல்.

2002 ஜனவரியில் பில் கேட்ஸ் மைக்ரோசாஃப்ட் ஊழியர்களுக்கு, புதிய வசதிகளுக்கும் பாதுகாப்புக்கும் இடையே தேர்வு வந்தால் பாதுகாப்பே முதலில் என்று மின்னஞ்சல் அனுப்பினார். அது வெறும் மின்னஞ்சலாகப் போகாததற்குக் காரணம், அடுத்த மாதமே விண்டோஸ் பிரிவில் புதிய வேலையை நிறுத்தி, ஆயிரக்கணக்கான பொறியாளர்களைப் பயிற்சிக்கும் பழைய நிரலை அலசுவதற்கும் உட்கார வைத்ததுதான். அந்த நடைமுறை 2004-ல் நிறுவனம் முழுக்கக் கட்டாய விதியானது. நிறுத்தியதைப் பார்த்த பிறகுதான் ஊழியர்கள் நம்புவார்கள்.

நிறுத்தும் பட்டியலில் குறைந்தது ஒரு வேலையாவது மேலதிகாரி ஒருவருக்குப் பிடித்தமானதாக இருக்கட்டும். எல்லாத் தியாகமும் கீழ்மட்டத்திலேயே நடந்தால் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

4. ஒரே பெயர், முழு நேரம்

பொறுப்பாளர் ஒருவர், அவருக்கு இதுவே முழுநேர வேலை. சிடிஓ (தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி) வேண்டாம், அவருடைய நாட்காட்டியில் இடமிருக்காது. நிரல் படிக்கத் தெரியாத ஒருங்கிணைப்பாளரும் வேண்டாம், "இது முடியாது சார்" என்று பொறியாளர் சொன்னால் அது உண்மையா சாக்கா என்று அவரால் பிரிக்க முடியாது. மூத்த பொறியியல் மேலாளர் ஒருவர் சரியாக இருப்பார். குழு அமைத்தால் கூட்டம்தான் நடக்கும்.

அவருக்கு எழுத்தில் மூன்று அதிகாரம்: அந்த 24 பேரை வேறு வேலைக்கு இழுப்பதை மறுப்பது, வியூக எல்லைக்குள் தொழில்நுட்ப முடிவெடுப்பது, தீராத முட்டலை மேலே கொண்டுபோய் இரண்டு வேலை நாளில் பதில் வாங்குவது.

5. பழையது வளரும் வாசல்களை அடைத்துவிடுங்கள்

பெரும்பாலோர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பொறியாளர்கள் ஒருபக்கம் வாடிக்கையாளர்களை மாற்றிக்கொண்டிருக்க, மறுபக்கம் விற்பனைப் பிரிவு பழைய பதிப்பை விற்றுக்கொண்டிருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கும் வேலை அது.

முதலில் ஒப்பந்தம். பழைய பதிப்பின் ஆதரவு 2029 மார்ச்சில் முடிய வேண்டுமானால், அதைத் தாண்டிப் போகும் புதுப்பித்தல் எதிலும் இன்று கையெழுத்திடக் கூடாது. 2026 அக்டோபரில் மூன்றாண்டுக்குப் புதுப்பித்தால் அது 2029 அக்டோபர்வரை உங்களைக் கட்டிப்போடும். ஆகவே பொறியாளர்கள் முதல் வரி எழுதும் முன்பே, சட்டப் பிரிவு புதுப்பித்தல் படிவத்தில் ஆதரவு முடியும் தேதியைச் சேர்த்திருக்க வேண்டும். வியூகத்தின் கடைசித் தேதி, முதல் மாதத்தின் வேலையை முடிவுசெய்கிறது.

அடுத்தது ஊக்கத்தொகை. தனி நிறுவலுக்குக் கிடைக்கும் கமிஷன் கிளவுடுக்குக் கிடைப்பதைவிட அதிகமாக இருக்கும்வரை எந்த மின்னஞ்சலாலும் பயனில்லை. ஆண்டுத் திட்டம் ஏப்ரலில் மாறுகிறது என்றால் ஜனவரியிலேயே விற்பனைத் தலைவரோடு உட்காருங்கள்.

மூன்றாவது அப்ரைசல். புதிய வசதி செய்தவருக்குப் பதவி உயர்வு, பழையதை அணைத்தவருக்கு "நன்றி" என்ற மின்னஞ்சல் என்று ஒரு சுற்று போனால் போதும். அடுத்த சுற்றில் நல்ல பொறியாளர்கள் இந்தக் குழுவுக்கு வரமாட்டார்கள். பதவி உயர்வுக்கான அளவுகோலில் "ஒரு பழைய அமைப்பை முழுதாக அகற்றியது" என்பதை வெளிப்படையாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

நான்காவது நிதி. மாற்றம் நடக்கும்போது பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடும். இரண்டாம் ஆண்டில் செலவு இப்போதைவிடக் கூடும். வாடிக்கையாளரில் 95% பேர் மாறிய பின்னும் டேட்டா சென்டர் வாடகை முழுதாகத்தான் போகும், கடைசி சர்வர் அணைந்த பிறகே குறையும். இந்த மேடு எந்தக் காலாண்டில் வரும் என்று நிதிப் பிரிவுக்கு முன்கூட்டியே வரைந்து காட்டாவிட்டால், சரியாக அந்தக் காலாண்டில்தான் "செலவு கூடிவிட்டது, நிறுத்துங்கள்" என்ற குரல் வரும்.

6. ஒரு வாடிக்கையாளரை முழுதாக மாற்றுங்கள்

பதினான்கு குழுக்களும் ஒரே நாளில் தொடங்கும் திட்டத்தைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். முதலில் ஒரே ஒரு வாடிக்கையாளரை, லாகின் முதல் பில் வரை, புதிய பதிப்புக்குக் கொண்டுபோங்கள். எல்லாருடைய லாகினையும் முதலில், எல்லாருடைய அறிக்கைகளையும் அடுத்து என்று படுக்கைவாட்டில் போனால், ஓராண்டு கழித்தும் ஒருவர்கூட மாறியிருக்க மாட்டார். சிக்கல்கள் எங்கே இருக்கின்றன என்றும் தெரிந்திருக்காது.

முதல் ஆள் நடுத்தர அளவில், நல்ல உறவோடு, ஓரளவு தனி நிரல் உள்ளவராக இருக்கட்டும். அடுத்த ஐந்து பேரை வேண்டுமென்றே வம்பான இடங்களிலிருந்து எடுங்கள்: தரவு மிக அதிகமுள்ளவர் ஒருவர், மாதக் கடைசி அறிக்கைகள் கனமானவர் ஒருவர், பழைய சிங்கிள் சைன்-ஆன் (ஒரே லாகினில் பல மென்பொருள்களுக்குள் போகும் வசதி) வைத்திருப்பவர் ஒருவர், தரவை நாட்டுக்குள்ளேயே சேமிக்க வேண்டிய கட்டாயம் உள்ளவர் ஒருவர் (பணப்பரிவர்த்தனைத் தரவுக்கு ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் போட்ட விதி இந்த வகை), தனி நிரலை எழுதியவரே வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவர். எளிதான ஐம்பது பேரை முதலில் முடித்தால் வரைபடம் அழகாக ஏறும். கட்டமைப்பில் உள்ள தவறு மூன்றாம் ஆண்டில்தான் வெளியே வரும், அப்போது மாற்ற நேரமிருக்காது.

கையால் எவ்வளவு, கருவியால் எவ்வளவு என்பதையும் கணக்குப் போட்டு முடிவெடுங்கள். ஒருவரை மாற்ற ஆறு ஆள்-வாரம் ஆகிறது என்றால் 210 பேருக்கு 1,260. 24 பேரின் நான்கரைக் காலாண்டு முழுதும் அதிலேயே போகும். முதல் 20 பேரைக் கையால் மாற்றி (120 ஆள்-வாரம்), அதில் கற்றதை வைத்து 150 ஆள்-வாரத்தில் ஒரு கருவி கட்டி, மீதி 190 பேரை ஒன்றரை வாரம் வீதம் (285) முடித்தால் மொத்தம் 555. கருவியை முதல் நாளே கட்டத் தொடங்குவதும் தவறுதான். நாலைந்து பேரைக் கையால் மாற்றிப் பார்க்காதவர் கட்டும் கருவி, வராத சிக்கல்களுக்கெல்லாம் விடை வைத்திருக்கும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒத்திகை இரண்டு முறை, தரவின் நகலை வைத்து. பதிவுகளின் எண்ணிக்கை ஒத்துப்போனதோடு நிறுத்தாதீர்கள். தொகைப் புலங்களின் கூட்டுத்தொகையை ஒப்பிடுங்கள், குலுக்கலில் 50 பதிவுகளைத் திறந்து கண்ணால் பாருங்கள், முந்தைய மாதத்தின் கடைசி அறிக்கையை இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். அடிக்கடி சிக்கும் இரண்டு இடங்களைச் சொல்லிவிடலாம்.

ஒன்று, தேதி. பழைய அமைப்பு இந்திய நேரத்தில் வைத்திருக்கும், புதியது யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வைக்கும். நேரமில்லாமல் தேதி மட்டும் இருந்த புலத்தை நள்ளிரவு 00:00 என்று எடுத்து மாற்றினால், அது முந்தைய நாள் மாலை 18:30 ஆகிவிடும். ஏப்ரல் 1-ம் தேதி பில் மார்ச் 31-க்குப் போய் வேறு நிதியாண்டில் உட்காரும். எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் சரியாகவே இருக்கும் என்பதால், மாதவாரியாகப் பிரித்துக் கூட்டிப் பார்த்தால்தான் இது தெரியும்.

இன்னொன்று, எழுத்து. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். "கோ" போன்ற உயிர்மெய்யில் மெய்க்கொன்று, உயிர்க்குறிக்கொன்று என இரண்டு குறியீடு, ஆறு பைட். 100 பைட் எல்லையுள்ள புலத்தில் 33 குறியீடுதான் கொள்ளும். ஆங்கிலத் தரவை வைத்துச் சோதித்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று முடித்தால், தமிழில் முகவரி வைத்திருக்கும் வாடிக்கையாளரின் தெருப்பெயர் பாதியில் வெட்டுப்படும்.

மாறிய பின் பழைய நிறுவலை 30 நாள் படிக்க மட்டும் என்ற நிலையில் வைத்திருங்கள். எந்த நேரம்வரை பின்வாங்கலாம் என்பதை முன்பே எழுதி வையுங்கள். புதிய பதிப்பில் வாடிக்கையாளர் பதிவுகள் போடத் தொடங்கிய பிறகு பின்வாங்கினால் அந்தப் பதிவுகள் போய்விடும். அதிகாலை மூன்று மணிக்கு அரைத்தூக்கத்தில் எடுக்க வேண்டிய முடிவு இல்லை இது.

குழுக்களை மாற்றி அமைப்பது பற்றி ஒரு சொல். ஒரு நிறுவனம் கட்டும் அமைப்பு அந்த நிறுவனத்தின் தகவல் தொடர்பு வடிவத்தையே கொண்டிருக்கும் என்று மெல்வின் கான்வே 1968-ல் எழுதியதை எடுத்துக்கொண்டு, முதல் நாளே அமைப்பு வரைபடத்தைக் கலைக்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் ஆறு வாடிக்கையாளர் முடியும்வரை பொறுங்கள். எந்த இரண்டு குழுக்கள் தினமும் ஒன்றையொன்று எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன என்பது அப்போது தெரியும். அங்கே மட்டும் கை வையுங்கள்.

7. இப்போது இலக்கு எழுதுங்கள்

இந்த இடத்தில் எழுதும் இலக்குக்குப் பின்னால் ஆள் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. மூன்று நான்கு எண்கள் போதும்.

பழைய பதிப்பில் எஞ்சியிருக்கும் வாடிக்கையாளர் எண்ணிக்கை. முதலாண்டு முடிவில் 190, இரண்டாமாண்டு முடிவில் 90, மூன்றாமாண்டு நடுவில் பூச்சியம், கடைசி ஆறு மாதம் அணைப்பு வேலைக்கு. "எத்தனை சதவீதம் முடிந்தது" என்று கேட்காதீர்கள், அது மூன்றாவது மாதமே 80-க்குப் போய் அங்கேயே நிற்கும். எஞ்சியதை எண்ணினால் ஏமாற்ற முடியாது.

இந்தக் காலாண்டில் பழைய பதிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள். இது பூச்சியமாக இல்லையென்றால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

கடைசியாக மாற்றிய பத்துப் பேருக்குத் தலைக்கு எத்தனை ஆள்-வாரம் ஆனது. இது இறங்கவில்லை என்றால் கருவி வேலை செய்யவில்லை.

ஒரு பிழைத்திருத்தம் நிரலில் சேர்ந்ததிலிருந்து எல்லா வாடிக்கையாளருக்கும் போய்ச்சேர எத்தனை நாள். வியூகமே இதற்காகத்தான் என்பதால் இது மெதுவாகவேனும் அசைய வேண்டும்.

வியூகத்தில் இல்லாத குழுக்களுக்கும் ஆளுக்கொரு இலக்கு கொடுத்து எல்லோரையும் "இணைத்துக்கொள்ளும்" பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆதரவுக் குழுவின் இலக்கு ஆதரவை நன்றாகத் தருவது.

8. காலாண்டுக் கூட்டம்: 90 நிமிடம், ஸ்லைடு இல்லாமல்

பொறுப்பாளர் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவரட்டும். முதல் 20 நிமிடம் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து அமைதியாகப் படிக்கட்டும். அமேசானில் 2004 முதல் இருக்கும் பழக்கம் இது, வீட்டில் படித்து வருவார்கள் என்ற நம்பிக்கையைவிட நன்றாக வேலை செய்கிறது.

பேசும் வரிசை முக்கியம். திட்டமிட்ட 276 ஆள்-வாரத்தில் (24 பேருக்குத் தலா 11.5 வாரம்) உண்மையில் எவ்வளவு கிடைத்தது என்பது முதல் கேள்வி. நிறுத்தும் பட்டியலில் உள்ளவை உண்மையிலேயே நின்றனவா என்பது இரண்டாவது. பிறகு அனுமானங்கள், அதன்பின் எடுக்க வேண்டிய முடிவுகள். டெமோ இருந்தால் கடைசியில். டெமோவை முதலில் வைத்தால் கைதட்டிவிட்டு நேரமாகிவிட்டது என்று கலைவார்கள். 276 கேட்ட இடத்தில் 170 மட்டுமே கிடைத்த செய்தி வெளியே வராது.

170 என்றால், அடுத்த காலாண்டில் ஒன்று ஆட்களை மீட்க வேண்டும், அல்லது முடியும் தேதியைத் தள்ள வேண்டும். "இன்னும் கொஞ்சம் வேகமாக" என்பது மூன்றாவது வழியாக முன்வைக்கப்படும். அதை முடிவாக எழுத மறுத்துவிடுங்கள்.

எடுத்த முடிவை ஒரு பக்கத்துக்கு மிகாமல் நிரல்தொகுப்போடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள்: சூழல், முடிவு, விளைவுகள், விட்டுவிட்ட மாற்று வழிகள். மூன்றாண்டில் குழுவில் பலர் மாறியிருப்பார்கள். புதிதாக வருகிறவர் கேட்கும் "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு விடை இல்லாவிட்டால், அதே விவாதம் ஆண்டுக்கொரு முறை முதலிலிருந்து நடக்கும்.

9. எப்போது விலகுவது என்பதை முன்பே எழுதுங்கள்

ஒரு பக்க ஆவணத்தின் அனுமானங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதியும் ஒரு எண்ணும் கொடுங்கள். எடுத்துக்காட்டாக: "மூன்றாம் காலாண்டு முடிவில், மிகப்பெரிய வாடிக்கையாளரின் தரவோடு 95% கேள்விகளுக்கு 300 மில்லிசெகண்டுக்குள் பதில் வராவிட்டால், எல்லோருக்கும் ஒரே டேட்டாபேஸ் என்ற முடிவைத் திரும்பப் பார்ப்போம்." இப்படி எழுதாவிட்டால் கெட்ட செய்தி வரும்போது எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே போகும்.

தற்காலிகமாக நிறுத்தவும் ஒரு விதி வேண்டும். 99.9% இயங்குநேரம் என்று வாக்குக் கொடுத்திருந்தால் 30 நாளில் 43.2 நிமிடத் தடை மட்டுமே அனுமதி. மாற்றத்தால் வந்த தடைகள் அதைத் தின்றுவிட்டால் அந்த மாதம் அடுத்த மாற்றம் கிடையாது, குழு நிலைப்படுத்தும் வேலைக்குப் போகும். இதைத் தனிமனித விருப்பத்துக்கு விட்டால் துணிந்தவர் தொடர்வார், பயந்தவர் நிறுத்துவார்.

10. கடைசிப் பத்து சதவீதமும் அணைப்பும்

நெட்ஃப்ளிக்ஸ் 2008 ஆகஸ்டில் டேட்டாபேஸ் பழுதுபட்ட பிறகு கிளவுடுக்கு மாறத் தொடங்கியது, முடித்தது 2016 ஜனவரியில். கடைசிக் கட்டத்தில் நகர்ந்தவற்றில் பில்லிங் ஒன்று. உங்கள் இடத்திலும் பணம் தொடர்பான பகுதிதான் கடைசியில் நிற்கும், நேரத்தை அதற்கேற்ப ஒதுக்குங்கள்.

மாற மறுக்கும் இருபது வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தொழில்நுட்பக் காரணம் சொல்வார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், அவர்கள் பக்கம் சோதித்துப் பார்க்க ஆளில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். உங்கள் பொறியாளர் ஒருவரை ஒரு வாரம் அவர்களோடு உட்கார வைப்பது, பத்து நினைவூட்டல் மின்னஞ்சலைவிட மலிவு.

தேதியைத் தள்ளியே ஆகவேண்டிய நிலை வந்தால் ஒரே முறை, போதிய தூரத்துக்கு, முன்கூட்டியே தள்ளுங்கள். பைத்தான் 2-க்கு முதலில் சொன்ன முடிவு ஆண்டு 2015. அதை 2020-க்கு மாற்றும் அறிவிப்பு 2014-லேயே வந்தது, அதன்பின் அந்த ஆண்டு மாறவில்லை. மூன்று மாதம் மூன்று மாதமாகத் தள்ளும் நிறுவனத்தின் தேதியை வாடிக்கையாளர் மதிப்பதை நிறுத்திவிடுவார்.

எல்லோரும் மாறிய பின் சர்வர்களை உடனே அழிக்காதீர்கள். முதலில் நெட்வொர்க்கை மட்டும் துண்டித்து, ஒரு மாதக்கடைசி உள்ளே வரும்படி இரண்டு முதல் நான்கு வாரம் காத்திருங்கள். யாருக்கும் நினைவில்லாத ஏதோ ஓர் இரவுநேர ஸ்கிரிப்ட் அந்த மாதக்கடைசியில் அலறும். பிறகு ஒப்பந்தம் சொல்லும் காலத்துக்கான பேக்அப்பை எடுத்து, அதை ஒரு முறை மீட்டுப் பார்த்து, அதன்பின் டிஸ்க்கை அழியுங்கள். டிஎன்எஸ் (இணையப் பெயர்) பதிவுகள், சான்றிதழ்கள், சர்வீஸ் அக்கவுண்டுகள் (மென்பொருள்கள் பயன்படுத்தும் கணக்குகள்), கண்காணிப்பு எச்சரிக்கைகள், லைசென்ஸ் புதுப்பித்தல் ஆகியவை தனித்தனி ஆட்களிடம் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதுங்கள். தானாகப் புதுப்பிக்கப்படும் லைசென்ஸ் ஒன்றை விட்டுவிட்டால் இல்லாத சர்வருக்கு இன்னோர் ஆண்டு பணம் போகும்.

அந்த 24 பேரும் அடுத்து எங்கே போவார்கள் என்பதை அணைப்புக்கு இரண்டு காலாண்டு முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கடைசி ஆறு மாதத்தில் நல்லவர்கள் வேறு வேலை தேடத் தொடங்குவார்கள், பழைய அமைப்பின் கடைசி மூலைகளை அறிந்தவர்கள் பெரும்பாலும் அவர்களாகத்தான் இருப்பார்கள்.